மாமல்லபுரத்தில் ஐம்பத்தொன்றரை கிலோமீட்டர்

சென்னைப் பக்கத்து டிரையத்லான்காரர்களுக்குப் பிப்ரவரியில்தான் புது வருஷம். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும். டிசம்பர் முடியும்வரை அலையைத் தாண்டி உள்ளே போக யாருக்கும் மனசு வராது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தண்ணீர் தேங்கி, குழி எது ரோடு எது என்று தெரியாது. அதனால் அந்த மாதங்கள் நீச்சல் குளத்துக்குள்ளேயும், வீட்டு ஹாலில் சைக்கிளின் பின்சக்கரத்தை டிரெய்னரில் மாட்டி நின்ற இடத்திலேயே மிதிப்பதிலும் கழியும். பொங்கல் போனதும் கடல் கொஞ்சம் அடங்கும். சீசனின் முதல் பந்தயத்துக்கு ஆளாளுக்குப் பெயர் கொடுக்க ஆரம்பிப்போம்.

நான் குரோம்பேட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. பள்ளி விளையாட்டு விழாவில் கோலம் போடும் கோஷ்டியில் இருந்தவள், ஓடியதில்லை. நீச்சல் கற்றது நாற்பதைத் தாண்டிய பிறகு, சின்னக் குழந்தைகளோடு சேர்ந்து, ஆழமில்லாத ஓரத்தில். இப்போதும் வேகக்காரி இல்லை. பரிசு மேடைப் பக்கம் போனதில்லை, போகப்போவதும் இல்லை. "அப்புறம் எதுக்குப்பா இந்தப் பாடு?" என்று கடைக்கு வரும் அக்காமார்கள் கேட்பார்கள். இந்தப் பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் நடந்ததைச் சொன்னால்தான் அதற்குப் பதில் விளங்கும்.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உடையும் செருப்பும் மாற்றுகிற நேரம்கூடக் கணக்கில் சேரும். ஒலிம்பிக்கில் நடப்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். கூட்டினால் ஐம்பத்தொன்றரை. நான் பெயர் கொடுத்ததும் அந்தத் தூரத்துக்குத்தான். அதில் சரிபாதி, 750 மீட்டர், 20, 5 என்றால் ஸ்பிரின்ட். மேலே போனால் 1.9, 90, 21.1 என்று ஒன்று. மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வரும், அந்த எண்ணே அதன் பெயரிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையில் அயர்ன்மேன் 70.3 நடந்தது, நம் நாட்டுக்கு அயர்ன்மேன் என்ற பெயர் வந்ததே அப்போதுதான். முழு அயர்ன்மேன் அதைப்போல் இரண்டு மடங்கு: 3.8, 180, 42.2.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1974 செப்டம்பரில், அமெரிக்காவின் சான் டியாகோவில், ஓட்டக்காரர்கள் சங்கம் ஒன்று மிஷன் பே என்ற நீர்ப்பரப்பின் ஓரத்தில் ஒரு புதன்கிழமை மாலை விளையாட்டாக நடத்தியதுதான் ஆரம்பம். 46 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் உண்டு. பிறகு ஹவாய்க்கு மாற்றலாகிப் போன இடத்தில், நீச்சல்காரனுக்கு உடம்பு கெட்டியா, ஓட்டக்காரனுக்கா, சைக்கிள்காரனுக்கா என்று பேச்சு வந்தது. அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒரே நாளில் கோத்துவிட்டார் காலின்ஸ்; அதுதான் முதல் அயர்ன்மேன். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்குத் துணைக்குப் போனவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீரைக் கொடுத்தார்களாம்; இந்த வட்டாரத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கும் கதை அது. 2000-இல் சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்குக்குள் வந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாளும் நான் கடையில்தான் இருந்தேன். ஓட்டப்பந்தயம் எங்காவது இருந்தால் அதற்கு முன்தினம் தம்பிகள் சிலர் வந்து, "அக்கா, வலி வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு போட்டுக்கறேன்" என்று ஐபுப்ரோஃபென் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. வெயிலில் ஓடி, வியர்த்து, நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் தானாகவே குறைந்திருக்கும். அந்த வகை மாத்திரை அதை இன்னும் குறைத்துவிடும். வலி என்பது உடம்பு பேசும் பேச்சு. பந்தயத்தன்று அதன் வாயைப் பொத்தினால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது தெரியாமலே போய்விடும்.

விடியுமுன் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தோளிலும் கெண்டைக்காலிலும் மார்க்கரால் எண் எழுதினார்கள். இடது கணுக்காலில் டைமிங் சிப்பைப் பட்டையோடு சுற்றியாயிற்று. கழுத்திலும் அக்குளிலும் வாஸ்லின் தடவிக்கொண்டேன். உப்புத்தண்ணீரில் உடை உரசினால் தோல் வழன்று இரண்டு நாள் எரியும். குளிர் நாட்டுப் பந்தயங்களில் ரப்பர் உடுப்பு அணிவார்கள். அது உடம்பை மிதக்கவும் வைக்கும் என்பதால், தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சூடாக இருந்தால் விதியே அதை அனுமதிக்காது. நம் வங்காள விரிகுடாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பாதுகாப்புக்கு ஃபைபர் படகில் நின்ற உள்ளூர் மீனவர் ஒருவர் கரையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். வயதில் பெரியவர். "ஐயா, தண்ணி எப்படி?" என்று கேட்டேன். கடலைப் பார்க்காமலேயே சொன்னார்: "தெண்டி ஓடுதும்மா. அந்த உருண்டைய நேராப் பாத்து நீந்துனா வடக்கால தள்ளிக்கினு போயிடும். அதுக்குத் தெக்கால கண்ண வச்சுப் போ. தானா அங்க கொண்டுபோய் உடும்." உருண்டை என்றது நாங்கள் சுற்றி வர வேண்டிய மிதவையை. தெண்டி என்றால் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. எங்கள் குழுவில் சிலர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். அன்று காலை அவற்றில் ஒன்றுகூட இந்தத் தகவலைத் தரவில்லை.

ஆறே முக்காலுக்கு ஊதலோடு கிளம்பினோம். நம் கடலில் முதல் சிரமம் கரையோர அலை. முட்டளவுத் தண்ணீரில் நின்று அதோடு மல்லுக்கட்டினால் தூக்கித் திரும்பக் கரையில் போடும். அலை உடைகிற நேரத்தில் அடியில் மூழ்கி, மணலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அது முதுகுக்கு மேலே போனதும் எழ வேண்டும். மூன்று நாலு அலை அப்படிப் போனால் வெளியே தண்ணீர் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே நீந்துவது சுகம்.

இரண்டாவது சிரமம் சூரியன். கிழக்குக் கரையில் கடலுக்குள் போவதென்றால் உதிக்கிற சூரியனுக்கு நேரே போகிறோம். எட்டுப் பத்துக் கைக்கு ஒருமுறை முதலைக் கண்ணாகத் தலையைத் தூக்கி மிதவையைத் தேட வேண்டும். ஆரஞ்சு மிதவை, ஆரஞ்சு ஒளி, எதுவும் தெரியவில்லை. மிதவைக்குப் பக்கத்தில் நிற்கும் படகு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அந்தப் படகுக்கு ஓர் ஆள் அகலம் தெற்கே கண்ணை வைத்துப் போனேன். பெரியவர் சொன்ன கணக்குத் தப்பவில்லை: மிதவை என் இடப்பக்கத் தோளருகே வந்து நின்றது. நேராக அதை நோக்கிப் போன சிலர் வடக்கே ஒதுங்கிப்போய், நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள்.

மிதவையை வளைத்து வடக்கே திரும்பியதும் நீரோட்டமே தள்ளியது. அங்கேதான் ஆசை வரும். பக்கத்தில் ஒரு சிவப்புத் தொப்பி நம்மைத் தாண்டும். இன்னும் இரண்டு கை அழுத்திப் போட்டால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். போடவில்லை. நீச்சல் தெரிந்தவர்கள் அழுத்திப் போட்டு ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கலாம். எனக்கு ஒரு நிமிடம் மிஞ்சும். அதற்கு ஓட்டத்தில் பத்து நிமிடம் போகும். இந்த விளையாட்டில் முந்தின கட்டத்தில் செய்தது எல்லாம் அடுத்த கட்டத்தில் வெளியே வரும். 42 நிமிடத்தில் கரையேறினேன்.

டிரான்ஸிஷன் என்பது கம்பித் தட்டிகளில் வரிசையாகச் சைக்கிள்களைத் தொங்கவிட்டிருக்கும் மைதானம். என் இடத்தில் ஒரு சின்னத் துண்டு விரித்திருக்கும். அதன் மேல் ஷூ, உள்ளே கொஞ்சம் பவுடர். கயிற்றுக்குப் பதில் எலாஸ்டிக், காலை நுழைத்தால் போதும். ஹேண்டில்பாரில் ஹெல்மெட் கவிழ்ந்து கிடக்கும், வார் இரண்டும் வெளியே விரிந்திருக்கும், அதன் உள்ளே கண்ணாடி. ஒரு பாட்டில் தண்ணீர் பாதத்து மணலைக் கழுவ. மணலோடு ஷூ போட்டால் ஓட்டத்தில் கொப்புளம் நிச்சயம். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு: ஹெல்மெட்டைப் போட்டு, தாடைக்குக் கீழே வாரை 'டிக்' என்று மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தட்டியிலிருந்து எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் நடுவர் தண்டனை போடுவார். பிறகு தள்ளிக்கொண்டே போய், தரையில் போட்ட கோட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும். மூச்சு வாங்க, தலையிலிருந்து உப்புத்தண்ணீர் கண்ணில் இறங்க, நடுங்கும் விரலால் அந்த வாரை மாட்டிப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். நாலு நிமிடம் ஆனது.

சைக்கிள் பாதை தெற்கே கல்பாக்கம் பக்கம் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்புவது. அப்படி இரண்டு சுற்று. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இடையிடையே கடல் கண்ணில் படும். பாண்டிச்சேரி பஸ்கள் வரும் சாலை. ஆடுகளுக்குப் பந்தயம் நடப்பது தெரியாது. அன்று காற்று வடக்கிலிருந்து வீசியது. போகும்போது முதுகில் தள்ளியது, மீட்டர் 32 என்று காட்டியது, நம் காலே தேறிவிட்டதோ என்று நம்பத் தோன்றியது. திரும்பியதும் மீட்டர் 23-க்கு இறங்கியது.

காற்றின் கணக்கு ஈவு இரக்கம் பார்க்காது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நாலு மடங்காகும். சமதளத்தில் சைக்கிள்காரர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அதனால்தான் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போனால் மிதிப்பது லேசாகிவிடும். ஒலிம்பிக்கில் அது அனுமதி. எங்களைப் போன்ற அமெச்சூர் பந்தயங்களில் பெரும்பாலும் கூடாது; பத்து மீட்டர் இடைவெளி விட வேண்டும், தாண்டுவதென்றால் சீக்கிரம் தாண்டிவிட வேண்டும். எதிர்காற்றில் தனியே மிதிப்பவளுக்கு ஒரே வழி, முதுகைக் குனிந்து, கியரை இறக்கி, வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்துப் போவது. வாக்கியம் முழுதாகப் பேச முடிகிற மூச்சு என்றால் சரியாகப் போகிறேன் என்று அர்த்தம். ஆடுகளைப் பார்த்துப் பேசிப் பார்த்தேன். பேச முடிந்தது.

இரண்டு பாட்டில்களில் என் கடைச் சரக்கு. ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். உலக சுகாதார நிறுவனத்தின் பக்குவம். குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே போகும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். வியர்வையில் போவது வெறும் தண்ணீர் அல்ல, உப்பும் போகிறது. மணிக்கணக்கில் வியர்க்கிறபோது வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலை சுற்றி, நிலை மோசமானால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை குறைவு, மிதிக்கத் தேவையான தெம்பு அதில் வராது. அதற்கு இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கடலைமிட்டாய், அரை வாழைப்பழம். விலை உயர்ந்த ஜெல்களை நான் குறை சொல்லவில்லை. என் வயிற்றுக்குப் பழகியது இது. பந்தயத்தன்று புதிதாக எதையும் வாயில் போடக் கூடாது என்பது இந்த விளையாட்டின் வேதம்.

ஒரு மணி 28 நிமிடத்தில் இறங்கினேன். சைக்கிளைத் தொங்கவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தொப்பி போட்டு ஓட ஆரம்பித்தால், கால் என் கால் இல்லை. ஒன்றரை மணி நேரம் இடுப்பை மடித்து வட்டம் சுற்றிய தசைகளை நிமிர்ந்து நின்று தரையில் அடிக்கச் சொல்கிறோம். அவற்றுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இதைப் பழக்கத்தான் சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடும் 'பிரிக்' பயிற்சி செய்கிறோம். மழைக்காலத்தில் ஹாலில் டிரெய்னரை விட்டு இறங்கி, தெருவில் மூன்று முறை சுற்றி வருவேன். எதிர்வீட்டுப் பாட்டி, "யாரும்மா தொரத்துறாங்க?" என்று கேட்டுக் கேட்டு இப்போது விட்டுவிட்டார்.

மணி ஒன்பது. பிப்ரவரி என்றாலும் கடற்கரையோர வெயில். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது, சொட்டி வீணாகப் போகும். உடம்பு குளிர்வது வியர்ப்பதால் இல்லை, வியர்வை காய்வதால். ஆகவே கல்லூரிப் பிள்ளைகள் நின்ற ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் ஒரு டம்ளர் வாய்க்கு, ஒரு டம்ளர் தலைக்கு. உப்பு தொட்ட எலுமிச்சைத் துண்டை ஒரு பெண் நீட்டினாள். "சூப்பர் ஆன்ட்டி, விடாதீங்க" என்றாள். ஆன்ட்டி விடவில்லை. முதல் ஐந்து கிலோமீட்டர் 37 நிமிடம் 40 விநாடி. அதே பாதையில் திரும்பி வந்த இரண்டாவது ஐந்து 36 நிமிடம் 20 விநாடி.

உடை மாற்றியதையெல்லாம் சேர்த்து மொத்தம் மூன்றரை மணி நேரம். கெடு நாலு மணி நேரம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், சேன் ஆற்றுத் தண்ணீர் சுத்தமாகட்டும் என்று ஒரு நாள் தள்ளிப்போட்ட பந்தயத்தில், பிரிட்டனின் அலெக்ஸ் யீ இதே தூரத்தை 1 மணி 43 நிமிடம் 33 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். அவர் முடித்து, குளித்து, சாப்பிட்டு வந்தாலும் நான் ஓடிக்கொண்டுதான் இருப்பேன்.

இப்போது அக்காமார்களின் கேள்விக்கு வருகிறேன். கடையில் வருஷ முடிவில் இருப்புக் கணக்கு எடுப்போம். கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும், அலமாரி வேறொன்று சொல்லும். அலமாரி சொல்வதுதான் நிஜம். சீசனின் முதல் பந்தயம் எனக்கு அந்த அலமாரி. மழைக்காலம் முழுக்கக் குளத்தில் இத்தனை மீட்டர், டிரெய்னரில் இத்தனை மணி நேரம் என்று கடிகாரம் பாராட்டிக்கொண்டே இருந்தது. குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு சுவர் வரும். அதை உதைத்துத் தள்ளும் ஒவ்வொரு முறையும் கைக்கு ஒரு சின்ன ஓய்வு. கடலில் சுவர் கிடையாது. கடைசி முன்னூறு மீட்டரில் என் தோள் அதைச் சொல்லிவிட்டது. டிரெய்னரில் எதிர்காற்று கிடையாது. முதுகு அதைச் சொன்னது. கால் மட்டும் நல்ல சேதி சொன்னது: இரண்டாவது பாதி முதல் பாதியைவிட ஒரு நிமிடம் இருபது விநாடி வேகம். நீச்சலிலும் சைக்கிளிலும் ஆசையை அடக்கியது வீண் போகவில்லை. மொத்த நேரம், எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் மறந்துவிடலாம். அடுத்த பந்தயத்துக்குள் தோளுக்கும் முதுகுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். நாற்பத்தாறு வயதில், எதில் தேறியிருக்கிறோம், எதில் தேறவில்லை என்று இத்தனை தெளிவாக, முகத்துக்கு நேரே சொல்கிற வேறொன்று எனக்கு வாய்க்கவில்லை. அதற்குத்தான் இந்தப் பாடு.

வயதாகிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு பெயர்: மடோனா பூடர், அமெரிக்கக் கன்னியாஸ்திரி. 2012-இல், 82 வயதில், கனடாவில் முழு அயர்ன்மேனை நேரத்துக்குள் முடித்தார்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் நீச்சலிலிருந்து ஆரம்பியுங்கள். மற்ற இரண்டும் பாதி தெரிந்தவை. குளத்தில் நிற்காமல் அரை மணி நேரம் நீந்த வந்த பிறகு, கடல் தெரிந்த பயிற்சியாளரோடு, கூட்டமாக மட்டும் கடலில் இறங்குங்கள். தனியாக ஒருநாளும் வேண்டாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நெஞ்சு சம்பந்தமாக எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். முதல் பந்தயம் ஸ்பிரின்டாக இருக்கட்டும். விலை உயர்ந்த சைக்கிள் இப்போது தேவையில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிற எந்தச் சைக்கிளும் 20 கிலோமீட்டர் போகும், அதை இரவலும் வாங்கலாம். ஹெல்மெட்டை மட்டும் உங்கள் தலைக்குப் போட்டுப் பார்த்து, சொந்தமாக வாங்குங்கள். அந்த வாரைக் கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால், மாட்டிப் பழகுங்கள்.